சாம்பியன்களின் ஆரம்ப காலத்தை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குத்துச்சண்டை பற்றித் தமிழில் எழுதவும் வீடியோ போடவும் இப்போது நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அலி பெரியவரா, டைசன் பெரியவரா, ராபின்சன் பெரியவரா என்று ஒப்பிட இறங்கியதும், நாங்களெல்லாம் விழுந்து எழுந்த அதே பள்ளத்தில் ஒவ்வொருவராகப் போய் விழுகிறார்கள். பெயரை மாற்றி எழுதுவது, வருஷத்தைத் தப்பாகப் போடுவது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றைப் படிப்பவர்களே திருத்திவிடுவார்கள்.

பெல்ட் (சாம்பியன் பட்டம்) வாங்கிய வயதை வைத்து வரிசைப்படுத்துவது

ஒரு போட்டிக்காக வெளியிட்ட மலர், அச்சாகி முடிந்த பிறகு என் கைக்கு வந்தது. நடுப்பக்கத்தில் ஓர் அட்டவணை. டைசன் 20, பேட்டர்சன் 21, அலி 22, ஜோ லூயிஸ் 23, சுகர் ரே ராபின்சன் 25. அதற்குக் கீழே, 'ராபின்சன் சற்றுத் தாமதமாகவே சோபித்தவர்' என்று ஒரு வரி. எழுதிய தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வயசெல்லாம் சரியாத்தானே அண்ணா போட்டிருக்கேன்?" என்றார். சரியாகத்தான் போட்டிருந்தார். எனக்கு எரிச்சலே அதில்தான். எண் தப்பென்றால் அடித்துத் திருத்திவிடலாம், எண் சரியாக இருந்து முடிவு தப்பானால் என்ன செய்வது?

ராபின்சன் 1940 அக்டோபரில் தொழில்முறைக்கு வந்தார். மறு வருஷமே, 20 வயதில், சாமி ஆங்கட்டை வென்றார். ஆங்கட் அப்போது லைட்வெயிட் எடைப்பிரிவின் சாம்பியன். ஆனால் அந்தச் சண்டை பட்டத்துக்காக நடந்ததல்ல, அதனால் பெல்ட் கைமாறவில்லை. அதே வருஷம் மார்ட்டி சர்வோவை வென்றார். அப்புறம், சில மாதம் முன்புவரை, அதைவிடக் கனமான வெல்டர்வெயிட் பிரிவில் சாம்பியனாக இருந்த ஃப்ரிட்ஸி ஜிவிக்கையும் வென்றார். 1942-க்கான சிறந்த வீரராக 'தி ரிங்' குத்துச்சண்டை இதழ் அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு வயது 21. பட்டம் கிடைக்க அதற்குப் பிறகும் நாலு வருஷம் ஆனது.

ஏன் அவ்வளவு நாள்? வெல்டர்வெயிட் சாம்பியன் ரெட் காக்ரேன் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்குப் போய்விட்டார், பட்டம் அப்படியே முடங்கிக் கிடந்தது. 1946 பிப்ரவரியில்தான் அவர் அதைப் பறிகொடுத்தார். யாரிடம் தெரியுமா? ராபின்சன் ஏற்கெனவே இரண்டு முறை தோற்கடித்திருந்த அதே சர்வோவிடம்! சரி, இனியாவது ராபின்சனுக்கு வாய்ப்பு வரும் என்றால், அதற்குள் சர்வோ ராக்கி கிராசியானோவிடம் மூக்கு உடைபட்டுப் பட்டத்தையே விட்டுக்கொடுத்தார். கடைசியில் 1946 டிசம்பர் 20 அன்று, காலியான பட்டத்துக்காக, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டாமி பெல்லுடன் 15 ரவுண்டு. இரண்டாம் ரவுண்டில் கீழே விழுந்து எழுந்துதான் பாயிண்டில் ஜெயித்தார் ராபின்சன். அந்த இரவுக்கு முன்பே அவர் கணக்கில் 70-க்கும் மேற்பட்ட வெற்றிகள், ஒரே ஒரு தோல்வி. இவரா தாமதமாகச் சோபித்தவர்?

அன்றைக்குப் பட்டச் சண்டை கிடைப்பதற்குத் திறமை மட்டும் போதாது. 1947-ல் பில்லி ஃபாக்ஸிடம் வேண்டுமென்றே தோற்றதாகவும், பட்டத்துக்கு மோத வாய்ப்புக் கிடைக்கும் என்பதற்காகவே அப்படிச் செய்ததாகவும் ஜேக் லமோட்டா 1960-ல் அமெரிக்க செனட் குழு முன் தன் வாயாலேயே சொன்னார். அதற்கு முந்தைய தலைமுறையில் தோலின் நிறமே வாசலை அடைத்தது. ஜாக் ஜான்சன் 1908-ல் சிட்னி வரை போய்த்தான் ஹெவிவெயிட் பட்டத்தை வாங்க முடிந்தது, அப்போது அவருக்கு 30 வயது. சாம் லாங்ஃபோர்டுக்கோ அந்தப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பே கடைசிவரை வரவில்லை.

இதே வயதுக் கணக்கு டைசன் விஷயத்தில் வேறு மாதிரி குழப்பும். 1986 நவம்பர் 22-ல் ட்ரெவர் பெர்பிக்கை வீழ்த்தி அவர் வாங்கியது டபிள்யூபிசி என்ற ஓர் அமைப்பின் பெல்ட். அப்போது ஹெவிவெயிட்டில் வெவ்வேறு அமைப்புகள் கொடுத்த மூன்று முக்கிய பெல்ட்கள் இருந்தன. மூன்றும் அவர் கைக்கு வந்தது 1987 ஆகஸ்ட் 1-ல், 21 வயதில். சாம்பியனை ரிங்கில் வென்றவரே அடுத்த சாம்பியன் என்ற வழியில் வந்தவர் மைக்கேல் ஸ்பிங்க்ஸ். அவரை டைசன் 91 விநாடியில் சாய்த்தது 1988 ஜூன் 27-ல், தன் 22-வது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது. அலி 1964 பிப்ரவரியில் அப்போதைய சாம்பியன் லிஸ்டனை வென்று பட்டம் வாங்கியபோது அவருக்கு 22 வயது முடிந்து ஒரு மாதம் சொச்சம். ஆக, டைசன் அலியை முந்தியது ஒரு வருஷத்துக்கு மேலா, ஒன்றரை மாதமா? நீங்கள் எதைப் பட்டம் என்று எடுத்துக்கொள்கிறீர்களோ, அதைப் பொறுத்து பதில் மாறும்.

வயதுப் பத்தி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பக்கத்திலேயே, 'அந்த வயதுக்குள் யார் யாரை வென்றார்' என்று இன்னொரு பத்தியும் போடுங்கள்.

தோல்வியே இல்லை என்று மெச்சுவது

ஹென்றி ஆம்ஸ்ட்ராங் தொழில்முறையில் தன் முதல் சண்டையிலேயே நாக்அவுட் ஆனவர். அதே ஆள் 1938-ல் மூன்று எடைப்பிரிவுகளின் பட்டங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்தார், அதுவும் மொத்தமே எட்டுப் பிரிவுகள் இருந்த காலத்தில். பாக்கியாவோ 17 வயதில் தோற்றார், 19 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். பட்டத்துக்கு முன் ராபின்சனுக்கு வந்த அந்த ஒரே தோல்வி 1943 பிப்ரவரி 5-ல், லமோட்டாவிடம். மூன்றே வாரத்தில் அதே லமோட்டாவை அதே டெட்ராய்ட்டில் திருப்பி அடித்தார். இன்றைக்குத் தோல்விக் கணக்கில் இருக்கும் பூஜ்யத்தைக் காப்பாற்றவே எதிராளியைச் சலித்துச் சலித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அமெச்சூர் காலத்தை மறப்பது

'மூன்றாவது சண்டையிலேயே உலகப் பட்டம்' என்று லோமசென்கோவைப் பற்றி எழுதும்போது, அதற்கு முன்பே அவர் 2008, 2012 என இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள். இரண்டாவது சண்டையில் சலிடோவிடம் தோற்றதையும் விட்டுவிடாதீர்கள். இதற்கு நேரெதிர் கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன். மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர், ஆனால் தொழில்முறைச் சண்டை ஒன்றுகூடப் போட்டதில்லை. இவரை எந்த அட்டவணையில் வைப்பீர்கள்?

'நோ டிசிஷன்' சண்டைகளைக் கழித்துவிடுவது

1911 முதல் 1917 வரை நியூயார்க்கில் இருந்த சட்டப்படி, நாக்அவுட் இல்லாமல் முடிந்த சண்டைக்கு வெற்றியாளரை அறிவிக்கக் கூடாது. மறுநாள் பத்திரிகை நிருபர்கள் எழுதியதுதான் தீர்ப்பு. வேறு பல மாநிலங்களிலும் இதே கதைதான். ஹாரி கிரெப் போட்ட சுமார் 300 சண்டைகளில் பாதிக்கும் மேல் இந்த வகை. அதிகாரபூர்வக் கணக்கை மட்டும் பார்த்தால் பாதி கிரெப் காணாமல் போய்விடுவார்.

நாக்அவுட் சதவீதம்

யாரை நாக்அவுட் செய்தார் என்று சொல்லாவிட்டால் இந்த எண்ணை எழுதவே வேண்டாம்.

வீடியோவைப் பார்த்து முடிவு கட்டுவது

ராபின்சன் வெல்டர்வெயிட்டில் உச்சத்தில் இருந்தபோது போட்ட சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்று படம் இல்லை. நீங்கள் பார்ப்பது 30-ஐத் தொட்டு, மிடில்வெயிட்டுக்கு ஏறிய ராபின்சனை. அவரை 20 வயது டைசனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, யார் கை வேகம் என்று கேட்காதீர்கள்.