கடைசி சிக்னலுக்கு நேரம் குறிக்கும்போது

ஆயுள் முடியப்போகும் விண்கலத்துக்குத் தொடர்பு அட்டவணை, அதாவது எந்த நேரத்தில் அதோடு பேசுவது, கேட்பது என்ற திட்டம், போடுவது மற்ற நாள்களின் வேலை போன்றதல்ல. விட்டுப்போன தரவை நாளைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ள வழியில்லை. 2017 செப்டம்பர் 15 அன்று சனிக்கோளுக்குள் பாய்ந்த கசினி விண்கலத்தை வைத்தே சொல்கிறேன்.

முதல் தவறு, எந்தக் கடிகாரம் என்று சொல்லாமல் நேரத்தை எழுதுவது. சனியிலிருந்து சிக்னல் வந்துசேர அன்று 83 நிமிடங்கள் ஆயின. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நிலையத்தில் கசினியின் குரல் நின்றபோது அங்கே இரவு மணி 9.55. அதே கடிகாரப்படி சனியில் அது 8.32-க்கே அடங்கிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். கட்டளைக்கும் இதே கணக்குதான்: 7.09-க்குப் பிறகு எதை அனுப்பியிருந்தாலும் அதை வாங்கிக்கொள்ள அங்கே கலம் இருந்திருக்காது. கடைசி நேரத்தில் திருத்திக்கொள்ளலாம் என்று அட்டவணையில் இடம் விடாதீர்கள்.

அதைவிடப் பெரிய தவறு, கலத்தில் தரவைச் சேமித்துவைக்கும் ரெக்கார்டரை நம்புவது. கசினியின் பெரிய ஆண்டெனா கலத்தோடு பொருத்தப்பட்டது, தனியே திரும்பாது. அதனால் வழக்கமாக முதலில் அளந்து சேமிக்கும், பிறகு பூமிப் பக்கம் திரும்பி அனுப்பும். கடைசி நாளில் அந்தப் ‘பிறகு’ இல்லையே! படங்களை எல்லாம் முந்தைய நாளே இறக்கிவிட்டு, அளப்பதை அளந்த கையோடு அனுப்பும்படி கலத்தை மாற்றினார்கள். நொடிக்குச் சுமார் 27 கிலோபிட்தான் போகும். அதில் படம் அடங்காது என்பதால் கேமராவுக்கு வேலை தரவில்லை. சனியின் காற்றை நேரடியாக அளக்கும் கருவிக்கு முன்னுரிமை கிடைத்தது. அத்தனை படங்கள் தந்த கேமராவை ஒதுக்கிய அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

சிக்னல் நிற்கும் என்று கணித்த நொடியோடு தொடர்பு நேரத்தை முடிப்பதும் தவறு. கலம் சிதறும் முன்பே, காற்று தள்ளி ஆண்டெனா பூமியை விட்டு விலகியதும் சிக்னல் போய்விடும். கசினியின் சிறு உந்திகள் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் 10 சதவீதத்திலிருந்து முழு விசைக்கு ஏறி, விலகாமல் கலத்தைப் பிடித்து நிறுத்தின. கணித்ததைவிட அரை நிமிடம் போலக் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. அந்த நொடிகளின் தரவு வேறெங்கும் கிடைக்காதது.

சிக்னலே வராத நேரத்துக்கும் பூமியில் ஆண்டெனா வேண்டும். 2015 ஏப்ரல் 30 அன்று மெசஞ்சர் விண்கலம் புதன்கோளில் மோதியது, பூமியிலிருந்து தெரியாத பக்கத்தில். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி பிற்பகல் 3.26-க்கு மோதல். பிழைத்திருந்தால் 3.40-க்கு மறுபக்கம் வெளிப்பட்டிருக்கும். அந்த நேரத்தில் அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன் நிலையம் காதுகொடுத்துக் காத்திருந்தது. எதுவும் வரவில்லை; மோதல் உறுதியானது.