தனிக் கிண்ணங்களில் பேக்டு பாஸ்தா: வறண்டும் குழைந்தும் போவதற்குக் காரணமான தவறுகள்

பெரிய தட்டில் செய்யும் பேக்டு பாஸ்தாவின் செய்முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, கலவையை மட்டும் சிறு கிண்ணங்களில் பங்கிட்டு ஓவனில் வைத்தால் அதே பதம் வந்துவிடும் என்று எண்ணுவதுதான் முதல் தவறு; மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன. 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் 5 செ.மீ. ஆழமும் கொண்ட ஒரு தட்டையும், அதே ஆழத்தில் 9 செ.மீ. விட்டமுள்ள ஒரு பீங்கான் கிண்ணத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டால், சூடுபடும் பரப்பு கிண்ணத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம். தட்டில் ஓரங்கள் காய்ந்தாலும் நடுப்பகுதி குழைவாக இருந்து ஈடுகட்டிவிடும். கிண்ணத்திலோ ஏறக்குறைய எல்லாமே ஓரம்தான். ஆகவே தட்டுக்கு 35 அல்லது 40 நிமிடம் என்று எழுதியிருக்கும் இடத்தில், சூடான கலவை நிரப்பிய கிண்ணங்களுக்கு 190 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடமே போதும்.

நேரத்தைக் குறைத்தால் மட்டும் போதாது, சாஸையும் தளர்த்த வேண்டும். வீடுகளில் மிகுதியாக நடக்கும் பிழை இதுதான். அடுப்பில் இருக்கும்போது வெள்ளை சாஸ் கரண்டியில் கெட்டியாகப் படிந்தால்தான் சரியான பதம் என்று பலரும் நினைத்து, அரை லிட்டர் பாலுக்கு 50 கிராம் வெண்ணெயும் 50 கிராம் மைதாவும் சேர்த்துவிடுகிறார்கள். அந்த விகிதம் அடுக்கடுக்காகச் செய்யும் லசானியாவுக்குப் பொருந்தும். கிண்ணத்தில் அரைவேக்காட்டுப் பாஸ்தா ஓவனுக்குள்ளும் சாஸின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே போடும் சீஸும் உருகி இறங்கி அதை இன்னும் கெட்டியாக்கும். நான்கு கிண்ணங்களுக்கு 200 கிராம் உலர்ந்த பாஸ்தா, அரை லிட்டர் பால், வெண்ணெயும் மைதாவும் தலா 25 கிராம் என்பது நல்ல கணக்கு. கலந்து முடித்ததும் பார்த்தால் சற்று நீர்த்துப்போனது போலத்தான் தோன்றும். கிண்ணத்தைச் சாய்த்தால் ஓரத்தில் சாஸ் மெல்ல ஒழுகி வந்து சேர வேண்டும். அந்த நிலையில் பயந்துபோய் இன்னொரு கரண்டி மைதாவைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். பாஸ்தா வெந்த நீரில் ஒரு கோப்பை எடுத்துவைத்துக்கொண்டால், கலவை இறுகியிருக்கும்போது இரண்டு மூன்று கரண்டி ஊற்றித் தளர்த்திக்கொள்ளலாம்.

பாஸ்தாவைப் பாக்கெட்டில் எழுதியுள்ள நேரம் முழுவதும் வேகவைப்பது அடுத்த தவறு. அதில் 11 நிமிடம் என்றிருந்தால் 8 நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிய வேண்டும். அந்தப் புள்ளி ஓவனில் வெந்துவிடும். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் நீர், அதில் 10 கிராம் உப்பு என்பது இத்தாலிய வீடுகளின் வழக்கமான அளவு. உப்பில்லாமல் வேகவைத்துவிட்டுப் பிறகு சாஸில் கூட்டிப் போட்டால், சாஸ் கரிக்கும், பாஸ்தா சப்பென்றே இருக்கும். நீரில் எண்ணெய் ஊற்றுவதும் வடித்தபின் குழாயடியில் அலசுவதும் நம் சமையலறைகளில் ஊறிப்போன பழக்கங்கள். அலசும்போது மேலே படிந்திருக்கும் மாவுச்சத்து போய்விடுகிறது. அது போனால் சாஸ் ஒட்டாமல் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும். சூட்டோடு சாஸில் கொட்டிப் புரட்டினாலே ஒன்றோடொன்று ஒட்டாது.

இத்தாலியில் உலர் பாஸ்தாவை டியூரம் என்ற கடினக் கோதுமையின் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. நம் கடைகளில் மைதா கலந்தவையும் அருகருகே கிடைக்கின்றன. அவை இரண்டாவது முறை சூடுபடும்போது குழைந்து உருவம் இழந்துவிடும். இருமுறை வேக வேண்டிய ஒரு பண்டத்துக்கு, பாக்கெட்டின் பின்புறம் டியூரம் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது வீண் செலவல்ல. வடிவத்தைப் பொறுத்தவரை, மக்ரோனி போன்ற சிறியவையே கிண்ணத்துக்கு ஏற்றவை. நீண்ட பென்னே சிறு கிண்ணத்தில் குறுக்கும் நெடுக்குமாக நின்று, மேலே துருத்தும் முனைகள் கருகிப்போகும்.

காய்களைப் பச்சையாகப் போடக் கூடாது. காளான், கீரை, பூசணி வகையைச் சேர்ந்த சுக்கினி ஆகியவற்றை அகலமான வாணலியில் நீர் வற்றும்வரை வதக்கியபின் சேர்த்தால்தான் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்காது.

சீஸ் விஷயத்தில் தாராளம் உதவாது. கிண்ணம் ஒன்றுக்கு மேலே தூவ 25 கிராம் போதும். அதற்கு மேல் போனால் உருகிய கொழுப்பு வெளியேறி மஞ்சள் எண்ணெயாக மிதக்கும். முதிர்ந்த செடார் மட்டும் போட்டால் இப்படிப் பிரிவது அதிகம் என்பதால், மொசரெல்லாவோடு கலந்துகொள்வது நல்லது. துருவியே விற்கும் சீஸில் இழைகள் ஒட்டாமலிருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவது சீராக உருகும். நீரில் மிதக்கவிட்டு விற்கும் புதிய மொசரெல்லாவை வடிகட்டி, துணியில் அரைமணி நேரம் ஒற்றிவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். பிளாஸ்டிக் உறையில் வரும் சீஸ் துண்டுகளைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், அவை ரொட்டிக்கு நடுவில் இருக்க வேண்டியவை. உருகுமே தவிர, மொறுமொறுப்பான மேல்தோல் தராது. ஒரு கைப்பிடி பிரெட் தூளை உருக்கிய வெண்ணெயில் பிசிறி மேலே தூவினால் குறைந்த சீஸிலேயே அந்த மொறுமொறுப்பு வந்துவிடும்.

நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய மின் ஓவன் என்பதால் அதற்கென்றே ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. அதன் உட்புறம் சிறியது. சூடேற்றும் மேல் கம்பி கிண்ணத்தின் விளிம்புக்கு மிக அருகில் இருக்கும். மேல் தட்டில் வைத்தால் நடுப்பகுதி சூடாவதற்குள் சீஸ் கருகும். 10 முதல் 15 நிமிடம் முன்சூடு செய்து, கிண்ணங்களை ஒரு தட்டத்தில் இடைவெளி விட்டு அடுக்கி, நடுவிலோ அதற்குக் கீழேயோ வைத்து, உட்புறம் வெண்ணெய் தடவிய ஃபாயிலால் முதல் 10 நிமிடம் மூடி, பிறகு திறந்து, கடைசி 3 நிமிடம் மட்டும் மேல் கம்பியைத் தனியாக எரியவிட்டால் நிறம் சரியாக வரும். அந்த 3 நிமிடமும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்பதே பாதுகாப்பு.

கிண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனக்குறைவு கூடாது. பாயசம் பரிமாறும் சாதாரணக் கண்ணாடிக் கிண்ணம் ஓவனில் வெடித்துவிடக்கூடும். ஓவனுக்கு உகந்தது என்று அடியில் குறித்திருக்கும் பீங்கானோ வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியோதான் வேண்டும். அவற்றையும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சூடான ஓவனில் வைக்கக் கூடாது. விளிம்புவரை நிரப்பாமல் ஒரு செ.மீ. விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் சாஸ் கொதித்து வழியும். அலுமினியக் கப்புகள் வசதியானவை என்றாலும் தக்காளியின் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். அவற்றில் வெள்ளை சாஸ் மட்டும் ஊற்றுவது நல்லது.

கிண்ணத்திலிருந்து தட்டில் கவிழ்த்து அழகாக நிறுத்த விரும்புகிறவர்கள் வெள்ளை சாஸில் முயன்று ஏமாறுகிறார்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது. இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரத்தில் அனெல்லெத்தி என்ற வளைய வடிவப் பாஸ்தாவை இறைச்சியும் பட்டாணியும் சேர்ந்த தக்காளி சாஸில் புரட்டி, எண்ணெய் தடவிப் பிரெட் தூள் அப்பிய அச்சில் அழுத்தி நிரப்பிச் சுடுவார்கள். சிறு அச்சுகளில் ஒருவருக்கு ஒன்றாகவும் இதைச் செய்வதுண்டு. அந்தக் கலவை வற்றிய பதத்தில் இருப்பதாலும், பிரெட் தூள் அச்சிலிருந்து விடுவிப்பதாலும்தான் அது உடையாமல் நிற்கிறது. ஓவனிலிருந்து எடுத்து 10 நிமிடம் ஆறவிட்டபின் கவிழ்க்க வேண்டும். சூட்டோடு கவிழ்த்தால் சரிந்துவிடும்.

விருந்துக்கு முதல்நாளே தயாரிப்பதில் இரண்டு பிழைகள் நேர்கின்றன. சாஸில் கலந்து இரவு முழுவதும் வைத்தால் பாஸ்தா ஊதி எல்லாவற்றையும் குடித்துவிடும். ஆகவே சாஸைத் தனியாகக் குளிரவைத்து, மறுநாள் பாஸ்தாவை வேகவைத்துக் கலப்பது மேல். கலந்துதான் வைக்க வேண்டுமென்றால் கிண்ணத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி பால் கூடுதலாக ஊற்றுங்கள். பாலும் சீஸும் சேர்ந்த கலவையை ஆறட்டும் என்று மேடையிலேயே விட்டுவிடுவது மற்றொன்று: 2 மணி நேரத்துக்குள், 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள், அது குளிர்சாதனப் பெட்டிக்குள் போயாக வேண்டும். குளிர்ந்த கிண்ணங்களை அரைமணி நேரம் முன்பாக எடுத்து வெளியே வைத்து, சுடும் நேரத்தை 8 முதல் 10 நிமிடம் நீட்டிக்க வேண்டும். மேலே குமிழி வந்துவிட்டது என்று நம்பாமல் ஒரு கத்தியை நடுவில் செருகி, 10 விநாடி கழித்து எடுத்துத் தொட்டுப் பாருங்கள். நுனி நன்றாகச் சுட வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 74 டிகிரி காட்ட வேண்டும்.