அதிவியர்வை வைத்தியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்ணுக்குக் கை ஈரத்தில் இலை நைந்துபோகிறது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் பையன், தோலில் கறை படுகிறது என்று சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குகிறான். ரேஷன் கடை மெஷினில் ரேகை விழுவதில்லை. காட்பாடியில் படிக்கும் பிள்ளைகள் கைக்கு அடியில் கர்ச்சீப் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுகிறார்கள். தோல் மருத்துவராக இந்த வட்டாரத்தில் நான் பார்க்கும் அதிவியர்வை இதுதான். வேலூர் வெயிலை இதற்குக் குறை சொல்ல முடியாது, மார்கழியிலும் கை சொட்டும். பெரும்பாலும் சின்ன வயதிலோ பருவ வயதிலோ தொடங்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், தூங்கும்போது நின்றுவிடும். வீட்டில் அப்பாவுக்கோ அத்தைக்கோ இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. ஆனால் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்ப அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பவுடர் கொட்டுவது, சென்ட் அடிப்பது மாதிரி எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்.

குளித்த கையோடு லோஷன்

முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் அலுமினியம் குளோரைடு லோஷன்தான். இந்த உப்பு வியர்வைக் குழாயின் வாயில் படிந்து அடைக்க வேண்டும். பகலில் போட்டால் படிவதற்குள் வியர்வையே அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஈரத் தோலில் போட்டால் அமிலம் உண்டாகி எரியும், அரிக்கும். அதனால் இரவு படுக்கப் போகும்போது, நன்றாகத் துடைத்துக் காய்ந்த தோலில் தடவி, காலையில் கழுவ வேண்டும். அக்குளில் ஷேவ் செய்த அன்று போடவே கூடாது. வியர்வை கட்டுப்படும்வரை தினமும், அப்புறம் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். எரிந்தால் இடைவெளி விட்டுப் போடலாம், நிறுத்திவிட வேண்டியதில்லை.

காலையில் குளித்துவிட்டுப் பூசிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள், நாலே நாளில் "இது எனக்கு ஒத்துக்கலை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அடுத்த தவறு இங்கேதான் முளைக்கிறது.

ஆபரேஷனை முதல் படியாக்குவது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான்.

முதுகெலும்பை ஒட்டி, மார்புக் கூட்டுக்குள் சிம்பதெடிக் நரம்புச் சங்கிலி ஓடுகிறது. உள்ளங்கையை வியர்க்க வைக்கும் கட்டளை அதன் வழியாகத்தான் போகிறது. முழு மயக்கம் கொடுத்து, மார்பின் பக்கவாட்டில் சிறு துளைகள் போட்டுக் கேமரா விட்டு, மூன்றாவது அல்லது நாலாவது விலா எலும்பின் பக்கத்தில் அந்த நரம்பை வெட்டுவார்கள், அல்லது கிளிப் போடுவார்கள். மயக்கம் தெளியும்போதே கை காய்ந்திருக்கும். ஆபரேஷன் செய்கிறவர்கள் இதுவரை சொல்வதெல்லாம் உண்மை.

சொல்லாமல் விடுவது மீதியை. பலருக்கு, கையில் நின்ற வியர்வை முதுகு, வயிறு, தொடை என்று வேறு இடத்தில் பெருகும். சிலருக்கு லேசாக இருக்கும், சமாளித்துவிடலாம். சிலருக்குச் சட்டை பிழியும் அளவுக்குப் போகும். வெட்டிய நரம்பைப் பழையபடி ஆக்க முடியாது. கிளிப்பைக் கழற்றினாலும் சரியாகும் என்று யாரும் உறுதி தர முடியாது.

பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் தன் அண்ணனோடு வந்தார். கல்யாணம் நிச்சயமான கையோடு, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் அம்மாவின் நகையை அடகு வைத்து இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டவர். கை வறண்டு வெடித்திருந்தது. முதுகும் இடுப்பும் நனைந்து பேன்ட் வரை இறங்கியிருந்தது. பையில் மாற்றுச் சட்டை இல்லாமல் வெளியே கிளம்புவதில்லையாம். "கைன்னா துடைச்சுக்கலாம் டாக்டர், முதுகை எங்க கொண்டுபோய் மறைக்கிறது?" என்றார். ஆபரேஷனுக்கு முன்னால் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டேன். லோஷன் நாலு நாள், அதுவும் குளித்த கையோடு. கையைத் தண்ணீர்த் தட்டில் வைத்துச் செய்யும் மின்சிகிச்சை பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. வேறு இடத்தில் வியர்க்கும் என்பதை அவர் கையெழுத்துப் போட்ட தாளில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அவரை உட்கார வைத்துப் பத்து நிமிஷம் பேசியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

ஆபரேஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் முறையாக, போதிய காலம் செய்து பார்த்தும் கை வியர்வை வாழ்க்கையையே முடக்குகிறது என்றால் அது ஒரு வழி. அப்போதும் கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்: எந்த விலா எலும்புப் பக்கம் வெட்டுவீர்கள்? உங்களிடம் செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்கு முதுகு வியர்க்கிறது? இமை தொங்கிப்போகும் ஆபத்து எவ்வளவு? கால் வியர்வை நிற்கும் என்று வாக்குக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள், அதற்கு இந்த ஆபரேஷனை நம்ப முடியாது. முகூர்த்தத் தேதியை வைத்து ஆபரேஷன் தேதி குறிக்காதீர்கள்.

கேன் தண்ணீர் கொண்டுவருவது

கையையும் காலையும் தண்ணீர்த் தட்டில் வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் முறைக்கு அயான்டோபோரிசிஸ் என்று பெயர். ஒரு முறைக்கு 20 முதல் 30 நிமிடம், முதலில் வாரத்துக்கு மூன்று நாலு தடவை, பலன் வந்தபின் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம். சுத்தம் என்று நினைத்துக் கேன் தண்ணீரோடு வருகிறார்கள். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே இதற்கு ஏற்றது. மோதிரம், வளையலைக் கழற்றிவிட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கிடையாது. வாரக்கணக்கில் வந்தால்தான் பலன் தெரியும், இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுக் கைவிடாதீர்கள்.

கத்திரி வெயிலில் மாத்திரை

கிளைகோபைரோலேட், ஆக்சிபியூட்டினின் மாத்திரைகள் உடம்பு முழுக்க வியர்வையைக் குறைக்கும். வாய் வறளும், மலச்சிக்கல் வரும், பார்வை மங்கலாம். இதையெல்லாம் டோஸ் மாற்றிச் சமாளிக்கலாம். ஆனால் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில் கழனியிலோ கட்டட வேலையிலோ நிற்கிறவருக்கு உடம்பைக் குளிர்விக்க வியர்வையை விட்டால் வேறு வழியில்லை. அதை மாத்திரை அடைத்துவிட்டால் வெப்பத்தாக்கில் உயிரே போகலாம். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொந்தரவு இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி நீங்களே வாங்கிப் போடாதீர்கள்.

நாளைக்குக் கல்யாணம், இன்றைக்குப் போட்டாக்ஸ்

போட்டாக்ஸ் என்பது, வியர்வைச் சுரப்பிக்கு வரும் நரம்புக் கட்டளையைத் தடுக்க அந்த இடத்துத் தோலில் போடும் ஊசி. பலன் தெரியச் சில நாளாவது ஆகும், முழுசாகத் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். அக்குளில் போட்டால் ஏறக்குறைய ஆறு மாதம் நிற்கும். உள்ளங்கையில் போட்டால் வலி அதிகம், சில வாரங்களுக்குப் பிடிமானம் தளரலாம். தையல் மெஷினில் இருப்பவர்கள் யோசித்துச் செய்யவும்.

வியர்க்குமே என்று தண்ணீரைக் குறைப்பது

கைவியர்வை குறையாது. சிறுநீரகக் கல்தான் வரும்.

எல்லா வியர்வையும் ஒன்று என்று நினைப்பது

தூக்கத்தில் படுக்கை நனைகிறதா, எடை குறைகிறதா, இருமல் விடாமல் இருக்கிறதா? காசநோய்ப் பரிசோதனை முதலில். நடுவயதில் திடீரென்று உடம்பு முழுக்க வியர்க்கத் தொடங்கினால் தைராய்டு, சர்க்கரை, புதிதாகத் தொடங்கிய மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நெஞ்சுவலியோடு வியர்த்துக் கொட்டினால் தோல் டாக்டரைத் தேடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.