எந்தக் கார்டை எதால் கவுண்டர் பண்ணலாம்?

மட்டக்களப்பில் 304 என்ற சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தவர்களுக்குத் துரும்பின் பலம் தெரியும். ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற கார்ட் விளையாட்டைப் பழக வருகிற பொடியன்கள், எதிராளி போடுவதை நிறைவேறாமல் தடுக்கும் கவுண்டர் கார்டையும் துரும்பு மாதிரியே நினைத்து, எதிரே எது விழுந்தாலும் வெட்டப் பார்க்கிறார்கள். அப்படி வெட்ட முடியாது. எதிராளியின் கார்டில் படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும். அதுதான் வகை வரி. அதைப் படித்த பிறகே உங்கள் கையைப் பாருங்கள்.

முதல் படி: அது ஸ்பெல்தானா?

போட்ட கார்ட் நிறைவேறும்வரை ஸ்டாக் என்ற காத்திருப்பு வரிசையில் இருக்கும், அப்போது அது ஸ்பெல். லேண்ட், அதாவது நிலக் கார்ட், ஸ்பெல் இல்லை. ஸ்டாக்கில் ஏறாமல் நேரே களத்துக்குப் போய்விடும். 1993இல் முதல் தொகுப்பிலேயே வந்த ‘கவுண்டர்ஸ்பெல்’ எந்த ஸ்பெல்லையும் குறிவைக்கும், ஆனால் லேண்டைத் தொடாது. ‘டிரையட் ஆர்பர்’ லேண்டும், தாக்கவும் தடுக்கவும் பயன்படும் கிரியேச்சரும் சேர்ந்த கார்ட். அதையும் லேண்டாகத்தான் வைப்பார்கள், ஆகவே கவுண்டருக்கு இடமில்லை.

இரண்டாம் படி: சொல்லுக்குச் சொல் பொருத்துங்கள்

பொடியன்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஆறுதலாகப் படியுங்கள். ‘எசன்ஸ் ஸ்காட்டர்’, ‘நெகேட்’ இரண்டுக்கும் இரண்டு மானாதான் (கார்ட் போடச் செலவழிக்கும் சக்தி), அதில் ஒன்று நீலம். முதலாவது கிரியேச்சர் ஸ்பெல்லை நிறுத்தும். இரண்டாவது கிரியேச்சர் அல்லாத ஸ்பெல்லை நிறுத்தும்.

சரி, எதிராளி ‘ஓர்னித்தாப்டர்’ போடுகிறார். வகை வரியில் ஆர்டிஃபாக்ட், கிரியேச்சர் என இரண்டும் இருக்கின்றன. ஆர்டிஃபாக்ட்தானே என்று நெகேட்டை எடுக்காதீர்கள். வரியில் எங்காவது கிரியேச்சர் என்று இருந்தால் நெகேட் செல்லாது, எசன்ஸ் ஸ்காட்டர் செல்லும். ஆர்டிஃபாக்டையோ என்சான்ட்மென்டையோ நிறுத்தும் ‘ஆனல்’ கார்டும் செல்லும், அதுவும் ஒரே ஒரு நீல மானாவில். இரண்டு வகை உள்ள கார்ட் இரண்டு பக்கமும் அடி வாங்கும்.

‘ஸ்மக்லர்ஸ் காப்டர்’ போன்ற வாகனங்கள் இதற்கு நேர்மாறு. களத்தில் கிரியேச்சராக மாறித் தாக்கினாலும், போடும்போது வெறும் ஆர்டிஃபாக்ட்தான். அதற்கு நெகேட். ஸ்டாக்கில் இருக்கும்போது என்ன வகை என்பதே கணக்கு. பிளேன்ஸ்வாக்கர், சோர்சரி, இன்ஸ்டன்ட் என்ற வகைகள் எல்லாவற்றுக்கும் நெகேட் போதும்.

மூன்றாம் படி: நேரம்

ஸ்பெல் ஸ்டாக்கில் இருக்கும்போதே சொல்ல வேண்டும். களத்துக்கு வந்துவிட்டால் முடிந்தது. கவுண்டர் ஆன கார்ட் கிரேவ்யார்ட் என்ற கழித்த கார்ட் குவியலுக்குப் போகும், செலவழித்த மானா எதிராளிக்குத் திரும்பக் கிடைக்காது.

களத்துக்கு வந்த கார்டின் திறன் ஸ்பெல் ஆகாது. ‘சாலம் சிமுலாக்ரம்’ களத்தில் நுழைந்ததும் லேண்ட் தேடித் தரும். அதை ஸ்டாக்கிலேயே கவுண்டர் பண்ணினால் அந்தத் தேடலே நடக்காது. நுழைந்த பிறகு தேடலை மட்டும் நிறுத்த ‘ஸ்டைஃபில்’ மாதிரி திறனைக் குறிவைக்கும் கார்ட் வேண்டும்.

பழகுவதற்கு, கலந்த கட்டிலிருந்து ஒருவர் ஒவ்வொன்றாகத் திருப்பட்டும். மற்றவர் நெகேட்டா, எசன்ஸ் ஸ்காட்டரா, இரண்டும் இல்லையா என்று உடனே சொல்லட்டும். கட்டில் ஒரு நெகேட்டையும் கலந்து வையுங்கள். அது இன்ஸ்டன்ட், ஆகவே அதை நிறுத்துவதும் நெகேட்தான்.