சூப்பர் பௌல் பார்க்கப் பழகுவது எப்படி? ஒரே ஒரு பழைய ஆட்டம் போதும்

அமெரிக்கக் கால்பந்தை முதல்முறை பார்க்க உட்காரும் பலர் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். ஐந்து நொடி ஓட்டம், ஒருவர் மேல் ஒருவர் விழுவது, விசில், அப்புறம் அரை நிமிடம் வெறுமனே நிற்பது. யார் என்ன சாதித்தார்கள் என்றே தெரிவதில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. விதிகளைப் படித்தபோது வராத புரிதல், ஒரு பழைய சூப்பர் பௌலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது வந்தது. அந்த வழியை அப்படியே சொல்கிறேன்.

படி 1: ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

51ஆவது சூப்பர் பௌல். 2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன் நகரம். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸும் அட்லாண்டா ஃபால்கன்ஸும் மோதினார்கள். 3-28 என்று பின்தங்கிக் கிடந்த பேட்ரியட்ஸ் 34-28 என்று ஜெயித்தது. முடிவைச் சொல்லிவிட்டேனே என்று வருத்தப்பட வேண்டாம். முடிவு தெரிந்திருந்தால்தான் பதற்றமில்லாமல் நிறுத்திப் பார்க்க முடியும்.

பின்னணி இவ்வளவுதான்: அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இல் 32 அணிகள். அவை 16, 16 ஆக இரண்டு பிரிவுகள். இரண்டு பிரிவுகளின் சாம்பியன்களும் கடைசியில் மோதும் ஆட்டம்தான் சூப்பர் பௌல். 1967இல் தொடங்கியது.

படி 2: பந்தை விடுங்கள், இரண்டு எண்களைப் பாருங்கள்

இதுதான் எல்லாவற்றுக்கும் சாவி. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். நான்கு டவுனுக்குள் 10 யார்டு முன்னேறினால், மறுபடி புதிதாக நான்கு டவுன் கிடைக்கும். யார்டு என்பது நம் கெஜம்தான். மைதானம் 100 யார்டு நீளம். இரு முனைகளிலும் 10 யார்டு ஆழத்தில் எண்ட் ஸோன்.

திரையில் ஸ்கோர் பட்டையின் ஓரத்தில் இரண்டு எண்கள் தெரியும். முதலாவது எத்தனையாவது டவுன், இரண்டாவது இன்னும் எத்தனை யார்டு வேண்டும். 3, 7 என்றிருந்தால் மூன்றாவது முயற்சி, ஏழு யார்டு பாக்கி. மைதானத்தின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு தெரிகிறதே, அதைத்தான் தொட வேண்டும். அந்தக் கோடு தொலைக்காட்சியில் மட்டும் தெரிவது. ஆடுபவர்களின் கண்ணுக்குத் தெரியாது.

முதல் பதினைந்து நிமிடப் பகுதியில் இரு அணிகளும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பழகுவதற்கு அது நல்லது. ஒவ்வொரு முறை ஆட்டம் நிற்கும்போதும் வீடியோவை நிறுத்தி, அடுத்த இரண்டு எண்கள் என்னவாக இருக்கும் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் கை வந்துவிடும்.

நான்காவது டவுன் வந்தால் மூன்று வழிகள். பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்துக் கொடுத்துவிடலாம், இது பன்ட். கோல் கம்பம் எட்டும் தூரத்தில் இருந்தால் உதைத்துப் புள்ளி எடுக்கலாம். இல்லாவிட்டால் துணிந்து முயன்று பார்க்கலாம். தவறினால் பந்து அதே இடத்திலேயே எதிரணி கைக்குப் போய்விடும்.

படி 3: புள்ளிக் கணக்கு

பந்தோடு எண்ட் ஸோனுக்குள் போனால் டச் டவுன், 6 புள்ளி. உடனே ஒரு போனஸ் வாய்ப்பு: உதைத்தால் 1, இன்னொரு முறை எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோனால் 2. கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்ட் கோலுக்கு 3. ஆக ஒரே வாய்ப்பில் அதிகபட்சம் 8. இந்த 8 என்ற எண்ணை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

படி 4: ஃபால்கன்ஸ் எப்படி ஏறியது

இரண்டாம் பகுதியில் ஃபால்கன்ஸ் மூன்று டச் டவுன் போட்டது. மூன்றாவதை இரண்டு முறை பாருங்கள். பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி வீசி, தாக்குதலை நடத்துபவர்) டாம் பிரேடி வீசிய பந்தை ஃபால்கன்ஸின் ராபர்ட் ஆல்ஃபர்ட் இடையில் பாய்ந்து பிடித்து, 82 யார்டு ஓடியே போய்ப் போட்டார். எதிரணியின் பாஸை இப்படிப் பறிப்பது இன்டர்செப்ஷன். இடைவேளையில் 21-3. அது மூன்றாம் பகுதியில் 28-3 ஆனது. அதுவரை எந்தச் சூப்பர் பௌலிலும் 10 புள்ளிக்கு மேல் பின்தங்கிய அணி ஜெயித்ததில்லை.

படி 5: இந்த நான்கு முயற்சிகளை எழுதிப் பாருங்கள்

பலரும் பிரேடியின் வீச்சுகளைத்தான் கொண்டாடுவார்கள். என்னைக் கேட்டால், இந்த ஆட்டத்தின் இதயம் வேறு இடத்தில் இருக்கிறது. பேட்ரியட்ஸ் மெல்ல மெல்ல ஏறிவந்து, கடைசிப் பகுதியில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது ஸ்கோர் 28-20. சரியாக 8 புள்ளி வித்தியாசம். ஃபால்கன்ஸின் ஜூலியோ ஜோன்ஸ் எல்லைக்கோட்டு ஓரத்தில் பறந்து ஒரு பந்தைப் பிடிக்கிறார். இப்போது பந்து பேட்ரியட்ஸின் 22ஆவது யார்டு கோட்டில், அதாவது அவர்கள் காக்கும் எண்ட் ஸோனுக்கு 22 யார்டு முன்னால். இங்கே வீடியோவை நிறுத்துங்கள்.

உதைக்கும் தூரம் கணக்கிட, யார்டு எண்ணோடு 17 கூட்ட வேண்டும். கம்பம் எண்ட் ஸோனின் பின்முனையில் நிற்பதால் அதன் 10, பந்தைப் பின்னால் தள்ளி வைக்கும் ஏறத்தாழ 7. 22உடன் 17 சேர்த்தால் 39 யார்டு. நல்ல உதைப்பாளருக்கு அது எளிது. 3 புள்ளி கிடைத்தால் வித்தியாசம் 11 ஆகிவிடும், பேட்ரியட்ஸால் ஒரே வாய்ப்பில் எட்ட முடியாது. கோப்பை கிட்டத்தட்ட கையில்.

ஒரு தாளில் எழுதுங்கள். முதல் டவுன்: ஓட்டம், 1 யார்டு இழப்பு, பந்து 23இல். இரண்டாவது டவுன்: குவார்ட்டர்பேக் மேட் ரயன் வீச முயல்கிறார், ட்ரே ஃப்ளவர்ஸ் அவரைப் பின்னாலேயே வீழ்த்துகிறார். 12 யார்டு இழப்பு, பந்து 35இல். மூன்றாவது டவுன்: எதிரியைக் கையால் பிடித்து நிறுத்திய தவறுக்கு 10 யார்டு தண்டனை, பந்து 45இல். மீண்டும் மூன்றாவது டவுன்: வீசிய பந்து தரையில். இப்போது 45உடன் 17 கூட்டுங்கள், 62 யார்டு. உதைக்க நினைக்கவே முடியாது. பன்ட்தான்.

39இல் இருந்தது 62 ஆனதை என் கையால் எழுதிப் பார்த்த அன்றுதான் இந்த விளையாட்டின் மேல் எனக்குக் காதலே வந்தது. யாரும் பந்தைத் தொலைக்கவில்லை. யார்டு யார்டாக ஒரு கோப்பை நழுவியது.

படி 6: 91 யார்டு

பேட்ரியட்ஸ் தன் 9ஆவது யார்டு கோட்டில் தொடங்குகிறது. வழியில் ஜூலியன் எடில்மன் பிடிக்கும் பந்தை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஆல்ஃபர்ட் தட்டிவிட்ட பந்து, மூன்று தடுப்பாளர்களின் நடுவே, தரைக்குச் சில அங்குலம் மேலே அவர் கைக்குப் போகிறது. 57 நொடி மீதமிருக்க ஜேம்ஸ் வொயிட் டச் டவுன் போடுகிறார். அப்புறம் டேனி அமெண்டோலா 2 புள்ளி. 28-28.

சூப்பர் பௌல் வரலாற்றில் முதல்முறையாகக் கூடுதல் நேரம். காசு சுண்டியதில் வென்ற பேட்ரியட்ஸ் பந்தை வாங்கி, 75 யார்டு போய், வொயிட்டின் ஓட்டத்தில் முடித்தது. ஃபால்கன்ஸுக்குப் பந்தே கிடைக்கவில்லை. முதலில் ஆடும் அணி டச் டவுன் போட்டால் ஆட்டம் முடிந்தது என்பது அன்றைய விதி. 2022இல் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது பிளேஆஃப் (சூப்பர் பௌல் வரை போகும் வெளியேற்றுச் சுற்று) ஆட்டங்களில் இரு அணிக்கும் ஒரு வாய்ப்பு உறுதி.

படி 7: நேரலை

இப்போதெல்லாம் சூப்பர் பௌல் பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு மாலை நடக்கிறது. இந்திய நேரப்படி திங்கள் விடியற்காலை 5 மணி. இடைவேளை இசை நிகழ்ச்சியும் சேர்த்து மூன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும். காலைக் காப்பியோடு பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள்.