அமெரிக்க மாணவர் விசா: டிஎஸ்-160இல் சோஷியல் மீடியா பகுதியை நிரப்புவது எப்படி?

அக்கா மகனுக்கு டிஎஸ்-160 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம். "எனக்கு இன்ஸ்டா ஒண்ணுதான் மாமா" என்றான். தேடிப் பார்த்ததில் ஐந்து கணக்குகள் கிடைத்தன. அதில் ஒன்று, பத்தாம் வகுப்பில் தொடங்கிய 'தல_வெறியன்_07'.

1. கணக்கெடுப்பு

படிவத்தைத் திறக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். 2019 மே 31 முதல் டிஎஸ்-160 கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய கணக்குகளைக் கேட்கிறது. இப்போது மூடிவிட்ட கணக்கும் அதில் சேரும். எல்லா ஈமெயில் முகவரிகளிலும் பழைய 'வெல்கம்' மெயில்களைத் தேடுங்கள். குரோமில் சேமித்த பாஸ்வேர்டு பட்டியலையும் பாருங்கள். எங்களுக்கு மூன்று கணக்குகள் அங்கேதான் சிக்கின. அப்புறம், பழைய போன் நம்பரையும் மறக்க வேண்டாம்.

ஒன்றை விட்டுவிட்டால் விசா மறுக்கப்படலாம், பின்னாளில் விண்ணப்பிக்கும் தகுதியும் போகலாம் என்று இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் 2025 ஜூனில் எச்சரித்தது. என்னைக் கேட்டால், அசட்டுப் பதிவைவிட மறைத்த கணக்குதான் ஆபத்து.

2. நிரப்புதல்

தளத்தைப் பட்டியலில் தேர்ந்தெடுத்து, பயனர் பெயரை அப்படியே எழுதுங்கள். அடிக்கோடு, எண் எதுவும் மாறக் கூடாது. பாஸ்வேர்டைப் படிவம் கேட்காது. ஏஜென்ட் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவ்வப்போது சேவ் செய்யுங்கள், அப்ளிகேஷன் ஐடியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

3. பூட்டைத் திறத்தல்

எஃப் (கல்விப் படிப்பு), எம் (தொழிற்படிப்பு), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசா கேட்பவர்கள் கணக்குகளை 'பப்ளிக்' ஆக்க வேண்டும் என்று 2025 ஜூன் 18 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது. அந்தரங்கத்தைத் திறந்து காட்டுவது எனக்கும் உவப்பில்லை. ஆனால் விசா முடிவு அவர்கள் கையில்.

4. ஒரு முறை படித்துப் பார்த்தல்

லிங்க்ட்இன்னில் உள்ள படிப்பு, வேலைத் தேதிகள் விண்ணப்பத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பயந்துபோய் எல்லாவற்றையும் அழிக்காதீர்கள்; திடீரென்று காலியான பக்கம்தான் சந்தேகத்தைக் கிளப்பும்.

விசா கிடைத்தாலும் சோதனை ஓய்ந்துவிடாது. 2019 ஆகஸ்டில் ஹார்வர்டில் சேர வந்த பாலஸ்தீன மாணவரை பாஸ்டன் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பினார்கள். போனையும் லேப்டாப்பையும் சோதித்த அதிகாரி, மாணவரின் நண்பர்கள் போட்ட பதிவுகளைப் பற்றிக் கேட்டாராம்; அந்த மாணவரே சொன்னது இது. சில நாளில் உள்ளே விட்டார்கள்.

5. நேர்காணலுக்குப் பிறகு

221(ஜி) சீட்டு கொடுத்தால் பதற வேண்டாம்: ஆவணமோ கூடுதல் பரிசீலனையோ பாக்கி என்று பொருள். முடிவு வரும்வரை கணக்குகள் திறந்தே இருக்கட்டும்.