செப்டம்பர் தவறியது, ஜனவரியில் சேர்ந்தேன்

பெறுபேற்றுப் பத்திரம் கைக்கு வரவே ஆகஸ்ட் ஆகிவிட்டது. இங்கிலாந்தில் நான் பார்த்து வைத்திருந்த முதுமாணிப் படிப்புக்கு, வெளிநாட்டு மாணவருக்கான கடைசித் திகதி அதற்குள் முடிந்திருந்தது. மட்டக்களப்பில் கேட்ட எல்லோரும் அடுத்த வருடம் பார் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. இதே படிப்பு ஜனவரியிலும் தொடங்குமா என்று சேர்க்கைப் பிரிவுக்கே எழுதினேன். தொடங்கும் என்று பதில் வந்தது.

சரி, இனிக் காசு. மாணவர் விசா கிடைக்க, கட்டணத்தின் மீதியும் அங்கே தங்க 9 மாதச் செலவும் 28 நாள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் காசு குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்துதான். கணக்கு அப்பாவுடையது. 19ஆம் நாள் வெட்டு மெசின் கூலிக்கு அதிலிருந்து எடுத்துவிட்டார். பாஸ்புக்கைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிறுபோக நெல்லை விற்று அப்பாவே அதை நிரப்பினார், நாங்கள் திரும்ப எண்ணத் தொடங்கினோம்.

அந்த நாட்கள் வீண்போகவில்லை, விசாவுக்கு வேண்டிய மற்றவற்றை முடித்தேன். அப்பாவின் சம்மதக் கடிதம், என் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு இரண்டையும் எடுத்தேன். அப்புறம் இரவு ரயிலில் கொழும்பு போய்க் காசநோய்ப் பரிசோதனையும் செய்தேன். 28 நாள் முடிந்த அன்று மாலையே விசாவுக்கு விண்ணப்பித்தேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.